விதை சுமந்தவள் ஏன் பேசவில்லை

ஒரு சீனக் கவிஞரைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் மலைக்குக் கீழே இருப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். நான் ஜவ்வாது மலைக்காரி என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பரிதாபப்படுவார்கள். அதற்குப் பிறகு அறிவுரை வரும். ஆறு வருடம் இந்த மூன்றையும் வாங்கிக்கொண்டவள் நான். சிரிப்பைத் தாங்கிக்கொண்டேன், பரிதாபத்தையும் தாங்கிக்கொண்டேன். அந்த அறிவுரையை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் நெறியாளர் முதல் நாளே சொன்னார். "உங்க மலையில பாட்டு இல்லையாம்மா? நாத்து நடுற பாட்டு, சாமி பாட்டு, கல்யாணப் பாட்டு? செல்போன்ல பதிவு பண்ணிக்கிட்டு வாங்க, மூணு வருஷத்துல முடிச்சுடலாம். சீனாக்காரர் உங்களுக்கு எதுக்கு?"

எங்கள் ஊரில் நாற்றே நடுவதில்லை. சாமையைத் தூவி விதைப்பதுதான் வழக்கம். அது அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. "பாட்டு இருக்குதுங்க ஐயா. அதை வேற யாராச்சும் எழுதட்டும். எனக்கு இவர்தான் வேணும்" என்றேன்.

கீழே பிறந்தவர்கள் பிரெஞ்சு நாவலை ஆராயலாம், ருஷ்ய நாடகத்தை ஆராயலாம். போய் உன் தெருப் பாட்டைப் பதிவு செய்துகொண்டு வா என்று அவர்களை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. மலையில் பிறந்தவளுக்கு மட்டும் மலையே பாடம், மலையே பரீட்சை. அவள் தன்னைப் பற்றித் தகவல் கொடுத்தால் போதும், உலகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. எங்கள் வீட்டில் யாராலும் முடியாது.

அந்தக் கவிஞரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆய்வேட்டில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. தமிழில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். எப்படி எழுதினாலும் சண்டைக்கு ஒருவர் வருவார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவரைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். அப்போது நான் பி.எட். முடித்துவிட்டு, காவலூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் வேலைக்காகக் காத்திருந்தேன். ஆனி மாதம். இரண்டு நல்ல மழை பெய்து, அப்பா எங்கள் மானாவாரிக் கொல்லையை உழுது வைத்திருந்தார். விதைப்பு நாளன்று அம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் விதைக் கூடை என் தலைக்கு வந்தது.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. முதல் விதையை வீட்டிலிருந்து எடுத்துப் போகிறவள், முதல் பிடி மண்ணில் விழும்வரை வாய் திறக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது, நிற்கவும் கூடாது. கூடையைப் பச்சை இலையால் மூடியிருப்பார்கள். அந்த இலையைப் பார்த்ததும் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அதே வழியில் போகிறவர்கள் அவளை முந்தாமல் பின்னால் நடந்து வருவார்கள். பேச்சில் முளை போய்விடும் என்பாள் அம்மா. மலை முழுக்க இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் இப்படி.

பாதி வழியில் ஒரு ஜீப் வந்து என் பக்கத்தில் நின்றது. ஏதோ ஒரு துறையின் அதிகாரி, பெரிய டெலஸ்கோப் இருக்கும் இடத்துக்கு வழி தவறி வந்திருந்தார்.

"ஏம்மா, டெலஸ்கோப் ரோடு இதானா?"

நான் நடந்தேன். ஜீப்பும் கூடவே உருண்டது.

"உன்னத்தான் கேக்கறேன். வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

நான் நடந்தேன். அவர் டிரைவரிடம் சொன்னதை எனக்குக் கேட்க வேண்டும் என்றேதான் சொன்னார். "இந்த மலை ஜனமே இப்படித்தான்யா. மரியாதை தெரியாத ஜனம். எவ்ளோ செஞ்சாலும் திருந்தாது."

இரண்டு மொழியில் பதில் சொல்லப் படித்தவள் நான். பல்லைக் கடித்துக்கொண்டு கொல்லைவரை போனேன். முதல் பிடியைத் தூவினேன். அடுத்த நொடி வாய் திறந்தது. எனக்குத் தெரிந்த வசவு எல்லாவற்றையும் அந்த ஆளை நோக்கி வீசினேன். ஆள்தான் அங்கே இல்லை, ஜீப் எப்போதோ போய்விட்டது. விதையை மூட ஏர் பூட்டிக்கொண்டிருந்த அப்பா அதை நிறுத்திவிட்டு, "யாரம்மா திட்ற?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

அந்தக் கோபம் போக இடமில்லாமல் இரண்டு வருடம் எனக்குள்ளேயே இருந்தது. பிறகு ஆசிரியர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கத் திருப்பத்தூர் போயிருந்தேன். பேருந்து நிலையத்தை ஒட்டிப் பழைய பாடப்புத்தகம் விற்கும் பாய் ஒருவர், அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து என் பையில் போட்டார். "இது ஓடாத சரக்கும்மா. கவிதையாம், சீனாவாம். நீ தமிழ் டீச்சர் ஆகப்போறவ, எடுத்துட்டுப் போ." பஸ் மலை ஏறும்போது படிக்க ஆரம்பித்தேன். பதினேழாம் பக்கத்தில் இருந்த கவிதையைத் திரும்பத் திரும்பப் படித்ததில், காவலூரில் இறங்க வேண்டியவள் ஜமுனாமரத்தூர் போய் இறங்கினேன்.

கவிதை இவ்வளவுதான். முதல் மழை முடிந்த காலை. கவிஞர் குதிரைமேல் மலைப்பாதையில் வருகிறார். வழி இரண்டாகப் பிரிகிறது. தலையில் இலை மூடிய கூடையோடு ஒரு பெண் போகிறாள். எந்த வழி என்று கேட்கிறார். அவள் பதில் சொல்லவில்லை, நிற்கவும் இல்லை. அவர் குதிரையிலிருந்து இறங்கி அவள் பின்னால் நடக்கிறார். முடிந்தது.

பஸ்ஸிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னாம்மா, வூட்ல ஏதாச்சும் கெட்டதா?" என்று கேட்டார். நல்லதுதான் என்றேன். ஜீப்பிலிருந்து இறங்காத ஒருவரைப் பார்த்திருக்கிறேன். குதிரையிலிருந்து இறங்கிய ஒருவர் இருந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவரை நான் விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். சின்ன உத்தியோகக் குடும்பத்தில் பிறந்தவர். அரசுத் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை தேறினார். தலைநகரத்தில் வேலை. அங்கே கவிதை என்றால் அரண்மனைப் பூவும் நிலவும்தான். இவர் வரி வசூல்காரர்கள் பிடுங்கிப் போன எருமையைப் பற்றி எழுதினார். உமக்கு எது பொருத்தமோ அதை எழுதும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கேட்கவில்லை. மலை மாவட்டம் ஒன்றுக்குத் தூக்கி அடித்தார்கள், பிறகு அதைவிடத் தொலைவான இன்னொன்றுக்கு. திரும்பி வரவே இல்லை. ஒரு நண்பர் கவிதைகளைச் சேர்த்து வைத்திருக்காவிட்டால் இன்றைக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அவரை விரட்டிய அரசர் பெயரை நான் குறிப்பேட்டில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் கவிதைகளையோ பக்கத்து நாடுகளில்கூடப் பிள்ளைகள் நூற்றாண்டுக் கணக்கில் கையால் எழுதி எழுதிப் பழகினார்கள். ஓவியர்கள் அந்தக் குதிரையை வரைந்து சலிக்கவில்லை.

அவருடைய தாக்கம் என்று ஆய்வேட்டில் ஒரு பெரிய இயல் எழுதினேன். எழுதாமல் விட்ட தாக்கம் ஒன்று உண்டு. எங்கள் ஊருக்கு மனு எழுதுகிறவள் நான்தான். முன்பெல்லாம் "தங்கள் சமூகத்தின் மேலான கவனத்திற்குப் பணிவுடன்" என்று தொடங்கினால், ஓடையில் பாலம் இல்லை என்பதற்கு வருவதற்குள் தாள் முடிந்துவிடும். அவரைப் படித்த பிறகு முதல் வரியிலேயே எழுதினேன்: "எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் ஓடையில் பாலம் இல்லை. மழை நாளில் அவர்கள் போவதில்லை." பாலம் வருவதற்கு மூன்று மனு ஆனது. ஆனால் வந்தது.

சரி, வழக்குக்கு வருகிறேன். என் நான்காவது இயல்தான் வழக்கு. அந்தப் பதினேழாம் பக்கக் கவிதைக்குக் காலங்காலமாக எழுதப்பட்ட விளக்கங்களில் ஒன்பது எனக்கு ஆங்கிலத்தில் கிடைத்தன. மலை ஜனங்கள் காட்டுமிராண்டிகள், மரியாதை தெரியாதவர்கள், அதனால் பேசவில்லை என்றது ஒன்று. அவளுக்கு அரசு மொழி தெரியாது என்றது இன்னொன்று. அதிகாரிகள் மேல் உள்ள வெறுப்பு என்றார் ஒருவர். மௌனமே ஞானம், அந்தப் பெண்ணே உண்மையில் இல்லை, அவள் கவிஞரின் மனம் என்றார் ஒரு தத்துவக்காரர். ஒன்பது பேரும் படித்தவர்கள். அந்தக் கூடையில் என்ன இருந்தது என்று ஒன்பது பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் கேட்டேன். கூடையில் விதை இருந்திருக்கலாம் என்று எழுதினேன். முதல் மழை, இலை மூடிய கூடை, பேசாத பெண், முந்தாமல் பின்னால் நடக்கும் மனிதர். எங்கள் ஊர்ப் பழக்கத்தையும் எழுதினேன். எனக்குச் சீனம் தெரியாது. அதனால் டெல்லியில் சீன மொழி கற்பிக்கும் ஒருவருக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டேன். அந்த இலை மூலத்திலேயே இருக்கிறதா, மொழிபெயர்த்தவர் சேர்த்ததா என்று அறியாமல் விடக் கூடாது அல்லவா. கடைசியில் பதில் வந்தது: இருக்கிறது, பச்சை இலைதான்.

நெறியாளர் இயலைப் படித்துவிட்டு, "இதை எடுத்துடுங்க" என்றார்.

"ஏங்க ஐயா?"

"உங்க அம்மா கொல்லை எல்லாம் சான்று ஆகாதும்மா. பெரிய பெரிய உரையாசிரியர்கள் சொல்லியிருக்காங்க. நீங்க ஒரு மலையில உக்காந்துகிட்டு அதை மாத்த முடியுமா?"

"அவரும் ஒரு மலையில உக்காந்துதாங்க எழுதினாரு."

அந்தப் பதிலுக்கு ஒரு வருடம் விலை கொடுத்தேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு மாதமும் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மலை இறங்குவேன். அவர் கூட்டத்தில் இருப்பார், வகுப்பில் இருப்பார், வெளியூரில் இருப்பார். வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்புவேன். பதிவுக் காலம் முடிய இருந்தது. முடிந்தால் ஆறு வருட உழைப்பும் குப்பைக்குத்தான். குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன் என்பார்கள். நான் குனியவில்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பட்டம் போய்விடுமோ என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. அந்த இயலை மட்டும் எடுக்கவில்லை. கடைசி நாளில், "புறத்தேர்வாளர் கிழிச்சுடுவாங்க, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புறத்தேர்வாளரின் அறிக்கையும் அப்படித்தான் வந்தது. நான்காவது இயலுக்கு வாய்மொழித் தேர்வில் தக்க விளக்கம் தராவிட்டால் ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். மறுபடி சமர்ப்பிக்க எனக்குக் காலம் கிடையாது.

வாய்மொழித் தேர்வுக்கான அழைப்பு வீட்டுக்கு வந்தது. ஏழாவது வரை படித்த அப்பா அதை இரண்டு முறை படித்தார். அனைவரும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று போட்டிருந்தது.

"உன் மேல கொற சொன்னாரே, அவரும் இருப்பாரா?"

"நெறியாளரா? இருப்பார்ப்பா."

"அப்ப நாங்களும் வர்றோம்."

"அப்பா, அது பரீட்சை."

"பரீட்சைன்னா கதவச் சாத்திட்டு வெப்பாங்க. ஊரக் கூட்டி வெச்சா அதுக்குப் பேரு நியாயம்" என்றார்.

எங்கள் ஊரில் யாரையாவது நியாயத்துக்குக் கூப்பிட்டால், அவர்கள் தனியாக நிற்கக் கூடாது. சொந்தக்காரர்கள் பின்னால் நிற்பார்கள். வாய் திறக்க வேண்டியதில்லை, நின்றால் போதும். அப்படி ஆள் இல்லாமல் நிற்பது செத்ததற்குச் சமம். எவ்வளவு சொல்லியும் அப்பா கேட்கவில்லை. தேர்வு நாளன்று ஒரு வேன் நிறைய, அம்மாவையும் சேர்த்துப் பதினான்கு பேர், ஒரு பலாப்பழத்தோடு பல்கலைக்கழக வாசலில் இறங்கினார்கள்.

செருப்பை அரங்கத்துக்கு வெளியே வரிசையாக விட்டுவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். நெறியாளர், "எல்லாரும் உக்காருங்க, நாற்காலி இருக்கு" என்றார். "நிக்கறோங்க, அதான் பழக்கம்" என்றார் அப்பா. ஆராய்ச்சி மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அடுத்த நிமிடம் அந்த வெட்கத்தின் மேலேயே கோபம் வந்தது. யாரைப் பார்த்து வெட்கம்? நான்கு மணிக்கு எழுந்து எனக்காக மலை இறங்கி வந்தவர்களைப் பார்த்தா? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

புறத்தேர்வாளர் தெற்கேயிருந்து வந்த மூத்த பேராசிரியை. சுற்றி வளைக்கவில்லை. "சீனத்துல அந்த மலையில இப்படி ஒரு பழக்கம் இருந்ததுங்கறதுக்கு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

"இல்லைங்கம்மா" என்றேன்.

நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப எப்படி எழுதினீங்க?"

"இருக்கலாம்னுதான் எழுதியிருக்கேன். இருந்ததுன்னு எழுதலை. ஆனா மலைப் பொம்பளைக்கு மரியாதை தெரியாதுன்னு எழுதினவர்கிட்டயும் ஆதாரம் இல்லைங்க. அவ மனசுல வெறுப்புன்னு எழுதினவர் அவளைக் கேட்டு எழுதலை. அந்த உரையை எல்லாம் ஆதாரம் கேக்காமயே அச்சடிச்சிருக்காங்க. என்கிட்ட மட்டும் கேக்கறீங்க."

அரங்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பேராசிரியை என் பின்னால் பார்த்து, "இதுல உங்க அம்மா யாரு?" என்றார். அம்மா கையை உயர்த்தினாள், வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவதுபோல.

"ஏம்மா, வெதை எடுத்துட்டுப் போறப்ப கலெக்டரே வந்து கூப்பிட்டாலும் பேச மாட்டீங்களா?"

"கலெக்டரு இன்னாங்க, சாமியே வந்தாலும் நிக்கட்டும்" என்றாள் அம்மா. "வெதைச்சுட்டு வந்து பேசிக்கலாம். மழ நமக்காக நிக்காதில்ல."

பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மறுபடி தேர்வாளர் ஆனார். "இது உங்க ஊருக்குச் சாட்சி. சீனாவுக்கு இல்ல. ஆய்வேட்டுல ஒரு வரி சேருங்க. இது ஆய்வாளரின் ஊகம், நேரடிச் சான்று இல்லைன்னு. சேர்ப்பீங்களா?"

நியாயமான வார்த்தை. ஆனால் என் நாக்கு என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை.

"சேர்க்கறேங்கம்மா. அதே வரியை அந்த ஒன்பது உரைக்கும் கீழ சேர்க்கறேன். அதுக்கும் நேரடிச் சான்று இல்ல. ஒன்பதுக்குப் போடக் கூடாதுன்னா எனக்கும் போட மாட்டேன்."

"கொஞ்சம் பணிவா பேசலாம்ல?" என்றார் நெறியாளர், மெதுவாக.

பேராசிரியை அவர் பக்கம் திரும்பவில்லை. நான்காவது இயலை எடுத்து ஒவ்வொரு உரையாகப் பக்கம் புரட்டினார். வெகு நேரம் எடுத்துக்கொண்டார். நடுவில் ஓர் இடத்தில் ஓரத்தில் ஏதோ எழுதினார். "பத்துக்கும் போடுங்க" என்றார் கடைசியில். கையெழுத்துப் போட்டார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக நெறியாளர் எழுந்து அறிவித்தார். மலையிலிருந்து வந்த ஒரு மகள் என்று தொடங்கி என்னைப் பற்றி நாலு வார்த்தை பெருமையாகவும் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். பின்னால் நின்றவர்கள் தட்டவில்லை. அவர்களுக்கு இன்னும் நியாயம் முடியவில்லை.

அப்பா ஓர் அடி முன்னால் வந்தார். "யார் வேணும்னாலும் கேக்கலாம்னு போட்டிருந்துச்சுங்க. நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?"

பேராசிரியை தலையசைத்தார்.

அப்பா நெறியாளரைப் பார்த்தார். "எங்க பொண்ணு மேல இன்னா குத்தங்க?"

"குத்தமா? குத்தம் ஒண்ணும் இல்லீங்க ஐயா. நல்ல ஆய்வு. நீங்க பெருமைப்படணும்."

"அப்ப ஒரு வருசம் கையெழுத்துப் போடாம இன்னாத்துக்கு வாசல்ல நிக்க வெச்சீங்க?"

ஒரு வருடமாக என் தொண்டையில் நின்ற கேள்வி அது. நான் கேட்கவில்லை, பயந்தேன். ஆறு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் எனக்கு வாய் அடைத்துப்போனது, அதுவும் கேட்டே ஆக வேண்டிய இடத்தில். அதை எனக்காக அப்பா கேட்டபோது கண்ணீர் தானாக வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

நெறியாளர் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார். அடுக்கிய தாள்களையே மறுபடி அடுக்கினார். பதினான்கு பேரும் கோபமில்லாமல், அவசரமும் இல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் பதில் வரும்வரை யாரும் கலைய மாட்டார்கள். அது அவருக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"தப்புதாங்க" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "போதுமாம்மா?"

"போதாதுப்பா" என்றேன், நெறியாளர் காதில் விழும்படியாகவே.